நாலு லாடம்

செருப்பைக் கழற்றி வைத்தது தப்பில்லை. அதோடு போனையும் சேர்த்து வைத்தாளே, அதுதான் இசைவாணி செய்த முட்டாள்தனம். ஆனாலும் அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தாவணி போட்ட வயசிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டிப் பிழைத்தவள். வேலி வாசலுக்கு வந்தால் செருப்பு, போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் பலகைமேல் வைத்துவிட்டு, பக்கத்துக் கம்பத்தில் அடித்திருக்கும் செப்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். உடம்பில் இருக்கிற கரண்டு மண்ணுக்குள் இறங்கட்டும் என்று வைத்த தகடு அது. இன்றைக்குக் கம்பெனி மூடிக் கிடக்கிறது, முன்வாசலில் அரசாங்கத்துச் சீல் தொங்குகிறது, தகடு பச்சை பிடித்துப்போயிருக்கிறது. அதையெல்லாம் யோசிக்கிற நிலைமையிலா அவள் இருந்தாள்? உள்ளே சீனி கனைத்தது காதில் விழுந்தது. கை தன்பாட்டுக்குப் போனைப் பலகையில் வைத்தது, தகட்டைத் தொட்டது. கால் ஓடியது.

சீனி அவள் வளர்த்த குதிரை. வெள்ளைப் பெட்டை. பார்வைக்குச் சின்னதாக இருந்துகொண்டு காதைப் பிளக்கிற சீனிவெடியின் பெயரைத்தான் அவள் புருஷன் முனியசாமி அதற்கு வைத்தான். அவன் லாரி டிரைவர். குட்டியாக வாங்கி வந்து கொட்டத்தில் கட்டிவிட்டு, பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விடுவான். கொள்ளு வேகவைத்ததும், வயிற்றுவலி வந்த நாளில் விடிய விடிய அதை நடத்திக்கொண்டு திரிந்ததும் இவள்தான். வண்டியில் பூட்டிப் பழக்கியது அவள் தம்பி முனியராஜ். இந்தப் பக்கம் குதிரை வண்டிப் பந்தயம் என்றால் சீனிக்குச் சாரதி அவன்தான். பின்னாலேயே பைக்கை விட்டு ஹாரன் அடிக்கச் சொல்லிப் பழக்கினான். அதனால் ஹாரன் சத்தம் கேட்டால் போதும், சீனிக்கு ரத்தம் சூடாகிவிடும். நிற்கிற இடத்திலேயே முன்னங்காலால் தரையை அடிஅடியென்று அடிக்கும்.

சாத்தூர்ப் பக்கம் எந்தப் பந்தயம் நடந்தாலும் நடுத்தர உயரக் குதிரைகள் ஓடுகிற நடுக்குதிரைப் பிரிவில் முதல் பரிசு சீனிக்கு, இரண்டாவது மணிகண்டராஜின் குதிரைக்கு. இதுதான் வழக்கமாகிப் போயிருந்தது. மணிகண்டராஜ் வேறு யாருமில்லை, இந்த மூடிக்கிடக்கிற கம்பெனியின் முதலாளி. போன வருஷம் சீசன் நேரத்தில் இங்கே ஒரு ரூம் வெடித்து, சின்னத்தாய் என்கிற பெண் செத்துப்போனாள். இசைவாணிக்குப் பக்கத்து மணையில் உட்கார்ந்து திரி வெட்டியவள், பாட்டுக்காரி. அப்போது முனியராஜ்தான் இங்கே போர்மேன். வழக்கம்போல முதலாளி தலைமறைவாகிவிட்டார், போர்மேனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான், கேஸ் நடக்கிறது. முதலாளி முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு, குதிரை வளர்த்துக்கொண்டு சௌக்கியமாகத் திரிகிறார்.

நேற்றுச் சாயங்காலம் இசைவாணி இருக்கன்குடிக்குப் போய், இன்றைக்கு நடக்கிற பந்தயம் நல்லபடியாக முடியவேண்டும் என்று மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து பார்த்தால் கொட்டம் காலி. காவல் இருந்த முனியராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்றான். ஊரே தேடியது. காலையில் கம்பெனிக்குப் போகிற கருவேலங்காட்டுப் பாதையில் குதிரை லத்தி புதிதாகக் கிடந்தது. அதில் கொள்ளுத் தோல். கொள்ளை அரைவேக்காட்டில் இறக்குகிறவள் இந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஏலே, சீனி கெடைச்சிருச்சுலே! நம்ம பழைய கம்பெனிக்குள்ள கெடக்கு போல. வெரசா வா, பந்தயத்துக்குக் கொண்டுபோயிரலாம்."

"நீ உள்ள போகாதக்கா, நான் வந்துர்றேன்" என்றான். பிரியத்தில் சொல்கிறான் என்று நினைத்தாள், பாவி மகள்.

கடைசியில் தனியாக நின்ற கட்டடம், வெடிமருந்து கலக்குகிற ரூம். தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்தது, பூட்டு வளையத்தில் திறந்தபடி தொங்கியது. கதவைத் திறந்தாள். வைக்கோல் பரப்பிய தரையில் சீனி நின்றது. அவளைக் கண்டதும் வந்து மூக்கை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டது. "எங்கடி போன, என் உசுர வாங்குனவளே" என்று அதைத் திட்டிக்கொண்டே அழுதாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டை அமுக்குகிற சத்தம் கேட்டது.

"யாருலே அது?"

வெளியே மூச்சு வாங்குகிற சத்தம்.

"நான்தேன்க்கா."

"முனியா? லூசாலே நீ? உள்ள நான் நிக்கேன். தெறலே!"

"மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்கோக்கா. பந்தயம் முடிஞ்சதும் அவரே வந்து தெறந்து விட்டுருவாரு. ஒனக்கும் ஒண்ணும் ஆகாது, சீனிக்கும் ஒண்ணும் ஆகாது."

அவளுக்கு ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. கயிறு அறுந்தது, ஊரோடு சேர்ந்து தேடியது, தலையில் கைவைத்து உட்கார்ந்தது, எல்லாமே நடிப்பு. கூடப் பிறந்தவன். அம்மா செத்தபிறகு அவள் தோளில் தூக்கிச் சுமந்து வளர்த்த தம்பி.

"எதுக்குலே?"

"கேஸுக்கா. மொதலாளி அண்ணாச்சி வக்கீல வச்சு எம்பேர எடுத்துத் தாரேன்னு சொல்லிருக்காரு. இந்த ஒரு பந்தயம் மட்டும் தோத்துக் குடுன்னாரு. நான் ஓட்டுனா தோக்க வராதுக்கா, கை கேக்காது. அதான் குதிரையவே மறைச்சுருவோம்னாரு. திரும்பவும் என்னால உள்ள போயிக் கெடக்க முடியாது. அங்கன என்ன பாடுன்னு ஒனக்குத் தெரியாது."

"ஊமைக் கோட்டான்! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாலே? நானே கட்டிப் போட்டு வீட்டுல வச்சிருப்பேனே. ஒன்னவிடப் பந்தயமாலே எனக்குப் பெருசு?"

வெளியே விசும்பல் கேட்டது. அழுகிறான் என்று தெரிந்தது. அழட்டும் என்று விட்டாள். மத்தியானம்வரைதானே, சீனியோடுதானே இருக்கிறோம் என்று மனசு கொஞ்சம் அடங்கியது. வந்த ஆத்திரத்தைச் சீனியின் பிடரியைத் தடவித் தடவி ஆற்றிக்கொண்டாள். ரூமில் வெளிச்சம் குறைவு. எதிர்ச்சுவரில் இருந்த இன்னொரு கதவைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். மருந்து ரூமுக்கு இரண்டு பக்கமும் வழி வேண்டும் என்பது சட்டம். அண்ணாச்சிக்குச் சட்டம் எந்த மூலைக்கு? அந்த அடைத்த கதவுக்குக் கீழே தார்ப்பாய் போட்டு எதையோ மூடி வைத்திருந்தது.

சீனி ஒரு காலை மாற்றி வைத்தது. வைக்கோல் விலகியது. அதற்கடியில் தரை பளபளத்தது.

இசைவாணி குனிந்தாள். விரலை வைக்கவில்லை, பார்த்தாள். வெள்ளி நிறமும் சாம்பல் நிறமும் கலந்த பொடி. தரை முழுக்க, வைக்கோலுக்கு அடியில், சிமெண்டு வெடிப்புகளுக்குள் எல்லாம். தரையில் விரித்திருக்க வேண்டிய ரப்பர் ஷீட்டைக் காணோம். நடந்து போகப் பயந்து, நின்ற இடத்திலிருந்து எட்டித் தார்ப்பாயின் முனையை இரண்டு விரலால் தூக்கினாள். வாய் அகன்ற பிளாஸ்டிக் பேசின்கள், வரிசையாக, விளிம்புவரை கலந்த மருந்து. சீசன் பரபரப்பில் கலந்து அப்படியே விட்டுப்போன மருந்து.

முனையை மெதுவாகக் கீழே விட்டாள். பிறகு அவள் கண் சீனியின் காலுக்குப் போனது. முந்தாநாள்தான் சாத்தூரில் லாடம் அடித்துக் கூட்டி வந்தார்கள். நாலு காலிலும் புது இரும்பு.

இந்த ஊரில் ஒரு சின்னப்பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் சொல்லும், பட்டாசு ரூமுக்குள் இரும்பு கூடாது என்று. கொலுசு ஆகாது, ஊக்கு ஆகாது, ஆணி வைத்த செருப்பு ஆகாது. வருகிற போகிற மனுஷன் காலையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சோதித்த போர்மேன்தான், இந்த ரூமுக்குள் குதிரையை ஓட்டிவந்து அடைத்திருக்கிறான். குதிரைக்கும் காலில் இரும்பு உண்டு என்பது அவன் புத்தியில் ஏறவில்லை. நேற்று ராத்திரி முழுக்க ஒன்றும் ஆகாமல் இருந்ததற்கு அந்த வைக்கோலும் மாரியாத்தாளும்தான் காரணம்.

"முனியா." குரலை உயர்த்தப் பயமாக இருந்தது. "கதவப் பக்கம் வா. சத்தம் போடாத. இங்கன மருந்து கெடக்குலே."

"இருக்காதுக்கா. அது காலி ரூமு."

"தரை பூரா கெடக்கு. பேசின்ல வேற இருக்கு. சீனி கால்ல லாடம் இருக்குலே, லாடம்!"

"காலிக்கா. நான்தான சொன்னேன்..." என்று தொடங்கியவன் நிறுத்தினான்.

அவன்தான் சொல்லியிருந்தான். போலீஸில் சொன்னான், விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் சொன்னான், கோர்ட்டிலும் சொன்னான்: மருந்து ரூம் அன்றைக்குப் பூட்டியே கிடந்தது, சின்னத்தாய் யாரையும் கேட்காமல் தானே எங்கோ மருந்தைக் கலந்து எடுத்து வந்து விபத்தை உண்டாக்கிவிட்டாள் என்று. அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த பாடம். மிச்ச மருந்தையெல்லாம் அப்புறப்படுத்தியாகிவிட்டது என்றும் அண்ணாச்சி சொன்னார். வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போன அதிகாரிகளும் நம்பினார்கள். சொன்ன பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் சொன்னவனே நம்பிவிட்டான்.

"அக்கா," அவன் குரல் மாறிப்போயிருந்தது, "அசையாம இரு. பூட்ட ஒடைச்சிர்றேன். கல்லு இருக்கு."

"தொடாதலே! கல்லும் இரும்பும் மோதுனாப் பொறி பறக்கும். கதவுக்கு அடியிலயும் பொடி கெடக்கு. சாவி எங்க?"

"அவருகிட்ட. விடியக்காலம் வந்து தெறந்து தீவனம் போட்டுட்டு, சாவிய இடுப்புல சொருகிட்டுப் போயிட்டாரு. என்ன நம்பமாட்டாரு. அமுக்குப் பூட்டு, நீயே அமுக்கிக்கோன்னுட்டாரு. நீ போன் பண்ணும்போது தண்ணி எடுக்கப் போயிருந்தேன். தண்ணி இருக்குக்கா, கதவுக்கு அடியில ஊத்தட்டுமா? தரை நனைஞ்சிட்டா..."

"போர்மேனாலே நீ?"

ஈரம் பட்ட மருந்து சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும். மழைக்காலத்தில் எத்தனை கம்பெனி அப்படிப் போயிருக்கிறது.

போன் பண்ணு என்றாள். அவனுடைய போனும் வாசல் பலகையில்தான் இருந்தது. அக்காளைப் பூட்ட வந்தவன்கூடச் செருப்பையும் போனையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு. ஓடினான், திரும்பி வந்தான். அண்ணாச்சி எடுக்கவில்லை, பந்தயக் கமிட்டியில் யாரும் எடுக்கவில்லை, அங்கே இருக்கிற கூச்சலில் யாருக்குக் கேட்கும். உள்ளே ஆள் மாட்டியிருக்கிறது என்று மட்டும் தீயணைப்புக்குச் சொல்லிவிட்டேன், ஆனால் பந்தயத்துக்காக ரோட்டை இரண்டு பக்கமும் மறித்து வைத்திருக்கிறார்கள், வண்டி சுற்றித்தான் வரவேண்டும் என்றான்.

அப்போதுதான் ரேடியோ செட் கரகரத்தது. ரோட்டோரக் கம்பமெல்லாம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். மைக் ஜீப்பில் உட்கார்ந்து பேசுகிறவனின் குரல் கருவேலங்காட்டைத் தாண்டித் தெளிவாக வந்தது. "நடுக்குதிரை வண்டிகள் எல்லாம் எல்லைக்கு வந்து நிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்!"

கோயில் ஆர்ச்சில் புறப்பட்டு, கம்பெனியைத் தாண்டி, பாலத்தில் திரும்பி வருகிற பந்தயம். வண்டிகளுக்குப் பின்னால் இருபது முப்பது பைக்கு, அத்தனையும் ஹாரன். இந்தக் கட்டடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு கருவேலங்காடு மட்டும்தான்.

சீனி காதை நிமிர்த்தியது. அதற்கும் புரிந்துவிட்டது.

"முனியா, கேளு. ஹாரன் சத்தம் கேட்டா இவ கால அடிக்காம நிக்கமாட்டா. பழக்குனவன் நீ. போயி பந்தயத்த நிறுத்து."

"யாருக்கா கேப்பா? ரோட்டுல குறுக்க நின்னா வெலக்கி விட்டுட்டுப் போயிருவாங்க."

"விசயத்தச் சொல்லு. உள்ள மருந்து இருக்குன்னு சொல்லு."

அவன் ஏன் வாயடைத்து நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியும். மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டால், கோர்ட்டில் சொன்னது அத்தனையும் பொய் என்றாகும். அண்ணாச்சியோடு இவனும் உள்ளே போவான், இந்தத் தடவை ஜாமீன் கிடைக்காது. அக்காள் உயிரோடு இருந்தால் அவன் ஜெயிலுக்குப் போகவேண்டும். வெடித்துவிட்டாலோ, பேசினும் இருக்காது, பொடியும் இருக்காது, அக்காளும் இருக்கமாட்டாள். மறுநாள் பேப்பரில் உராய்வு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இதை அவள் நினைத்தாள். அவனும் நினைத்திருப்பான்.

"முனியா?"

காலடிச் சத்தம் ஓடியது. எந்தப் பக்கம் ஓடுகிறான் என்று காதைத் தீட்டிக் கேட்டாள். ரோட்டுப் பக்கமா, ஊர்ப் பக்கமா? தெரியவில்லை. ஏதாவது சொல்லிவிட்டாவது போயிருக்கலாம், சண்டாளன்.

இனி அவனை நம்பி நிற்க முடியாது. துணி வேண்டும், லாடத்தைச் சுற்ற. கட்டியிருந்தது சிந்தெடிக் பூனம் சேலை, பந்தயத்துக்குப் போவதற்கென்று ஆசையாக எடுத்து வைத்திருந்தது. அதைக் கிழித்து உரசினால் அதிலேயே பொறி வரும். அவள் வேலைக்குப் போன நாளெல்லாம் நூல் சேலைதான் கட்டியிருக்கிறாள், இன்றைக்கென்று பார்த்து இதைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். உள்பாவாடை நூல் துணி. அதுதான் இருக்கிறது. சேலைக்குள்ளேயே முடிச்சை அவிழ்த்து, பாவாடையைக் காலடியில் நழுவவிட்டாள். நாடாவை உருவிச் சேலையை இடுப்போடு இறுக்கினாள். ஆம்பிளைகள் வந்து கதவைத் திறந்தால் எப்படி நிற்பது என்று ஒரு நினைப்பு வந்தது. உயிரோடு நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளினாள்.

பாவாடையைப் பல்லால் கடித்து மெல்லக் கிழித்தாள். சீனியின் முன்னங்கால் முட்டியில் தட்டினாள். லாடம் அடிக்கும்போது தட்டுகிற மாதிரியே. நல்ல பிள்ளை, காலைத் தூக்கிக் கொடுத்தது. மடித்து மடித்துச் சுற்றி, கிழிசலால் முடிந்து, வைக்கோல்மேல் பூவை வைப்பதுபோல இறக்கி வைத்தாள். அடுத்த முன்னங்கால். முடிச்சு வழுக்கியது. முன்னங்கால்கள் முடிந்து, வலது பின்னங்காலைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் விசில் ஊதினார்கள்.

"வண்டிகள் புறப்பட்டாச்சு! புறப்பட்டாச்சு! அண்ணாச்சி மணிகண்டராஜ் குதிரை முன்னால வருது, முன்னால வருது!"

தூரத்தில் ஹாரன். தேனீக் கூட்டம் மாதிரி முதலில், பிறகு பெருசாக.

சீனி உடம்பு முழுக்க ஒருமுறை சிலிர்த்தது. முன்னங்காலைத் தூக்கி ஓங்கி அடித்தது. பொத் என்று துணிச் சத்தம். இசைவாணிக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. மறுபடி அடித்தது. பொத். மூன்றாவது காலின் முடிச்சை இறுக்கிவிட்டாள். நாலாவது, இடது பின்னங்கால் மட்டும் பாக்கி. மிச்சத் துணியைக் கையில் எடுத்தபோது குதிரை திரும்பியது, அந்தக் கால் தரையை உரசப் போனது. சுற்ற நேரமில்லை. கீழே உட்கார்ந்து, அந்தக் குளம்பை அப்படியே இரண்டு கையாலும் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டாள்.

ஹாரன் நெருங்கியது. சீனி காலை இழுத்தது. அவள் விடவில்லை. உதைத்தது. லாடம் தொடையில் இறங்கியது, வலி கண்ணை மறைத்தது, அப்போதும் விடவில்லை. "என் தங்கம்ல, என் சீனில, நில்லுடி, நில்லுடி" என்று புலம்பிக்கொண்டே நெற்றியை அதன் காலில் முட்டினாள். துணி கட்டிய கால்கள் இரண்டு பக்கமும் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கட்டு எவ்வளவு நேரம் தாங்கும்? சின்னத்தாய் நினைப்பு வந்தது. அவளுக்குப் பயப்படக்கூட நேரம் இருந்திருக்காதே என்று தோன்றியது. வண்டிச் சக்கரங்களின் கடகட சத்தம் இப்போது ஹாரனையும் மீறிக் கேட்டது.

திடீரென்று ரேடியோ செட்டில் காதைக் கிழிக்கிற ஒரு கீச்சு. தட்டுமுட்டென்று யாரோ யாரையோ தள்ளுகிற சத்தம். அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம். அந்த மூச்சை அவளுக்குத் தெரியும்.

"ஹாரன் அடிக்காதீக! சாமி, ஒங்க கால்ல விழுறேன், ஹாரன நிறுத்துங்க!"

"ஏலே, மைக்கக் குடுலே! குடிச்சிருக்கியா?" இது ஜீப்காரன்.

"எங்க அக்கா மருந்து ரூமுக்குள்ள இருக்கு. குதிரையோட. குதிரை கால்ல லாடம். கீழ பூரா மருந்து. ஹாரன் கேட்டாக் குதிரை அடிக்கும், வெடிச்சிரும். நான்தான் பூட்டுனேன். ரூம் காலின்னு கோர்ட்டுல சொன்னேம்லா, பொய்! அம்புட்டும் பொய்! சின்னத்தாயி தானாக் கலக்கல. மொதலாளி கலக்கச் சொன்னாரு, நான் ஏவுனேன், அவ கலந்தா. மருந்துத் தட்டத் தூக்கிட்டு ஓடு ஓடுன்னு வெரட்டுனதும் நான்தான். அவ மேல ஒரு தப்பும் இல்ல!"

ஹாரன் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாக ஒன்று நீளமாக அடித்து, யாரோ அடித்த அடியில் அதுவும் நின்றது.

குதிரையின் கால் அவள் மடியில் மெல்லத் தளர்ந்தது. ரேடியோவில் முனியராஜின் குரல் தேம்பிக்கொண்டே வந்தது. "அண்ணாச்சி, சாவியக் குடுங்க."

"என்ன சாவி? எந்த ரூமு? இவன் யாருன்னே..." மணிகண்டராஜ்தான். மைக்குக்குப் பக்கத்தில் நிற்கிறார் போல.

சாவியைக் கொடுத்தால் குதிரை களவு, மருந்து, சின்னத்தாய் எல்லாம் அவர் தலையில் விழும். கொடுக்கமாட்டார். இசைவாணிக்குக் கை மரத்துப்போயிருந்தது. இன்னும் கொஞ்சநேரத்தில் அவளே காலை விட்டுவிடுவாள். கொடுத்துத் தொலையேன் என்று பல்லைக் கடித்தாள்.

அப்போது ஒரு பொம்பிளைக் குரல் கேட்டது, அவளுக்குப் பழக்கமான குரல். சின்னத்தாயின் ஆத்தாள் அய்யம்மாள். பந்தயம் பார்க்க வந்த கூட்டத்தில் நின்றிருக்கிறாள்.

"எம்புள்ளையத் திருடி மாதிரி நாலு பேரப் பேச வச்சியே, படுபாவி. ஒரு வருசமா ஊரே காறித் துப்புச்சே. இடுப்புல என்னய்யா வச்சிருக்க? எடு! எடுக்கியா, நான் உருவவா?"

கூட்டம் ஓவென்று இரைந்தது. அதற்குமேல் ரேடியோவில் ஒன்றும் கேட்கவில்லை, யாரோ நிறுத்திவிட்டார்கள்.

பிறகு யார் யாரோ வந்தார்கள். வெறுங்காலோடு வந்தார்கள், மெதுவாக வந்தார்கள், எல்லாரும் கம்பெனிக்காரர்கள்தானே. பூட்டு திறந்தது. பெண்கள்தான் முதலில் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருத்தி தன் நூல் துண்டை எடுத்து நாலாவது காலைச் சுற்றினாள், இன்னொருத்தி இசைவாணியின் இடுப்பைச் சேலையால் மூடினாள். அடிமேல் அடி வைத்து, வாசலில் சாக்கு விரித்து, சீனியை வெளியே நடத்திவந்தார்கள். வெயிலுக்கு வந்ததும்தான் இசைவாணி அழுதாள், வாய்விட்டு, வெட்கமில்லாமல். அய்யம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். சீனி ஒன்றும் தெரியாத மாதிரி ஓரத்துப் புல்லைக் கடித்தது.

இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார். "யாரும்மா ஒன்ன உள்ள வச்சுப் பூட்டுனது?"

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். வேலி வாசலுக்கு வெளியே போலீஸ் ஜீப்பில் முனியராஜ் உட்கார்ந்திருந்தான், தலையைக் குனிந்துகொண்டு. பின்சீட்டில் மணிகண்டராஜ் யாருக்கோ போன் போட முயன்றுகொண்டிருந்தார். யாருமில்லை என்று சொன்னால் என்ன, தெரியவில்லை என்றால் என்ன என்று ஒரு கணம் நாக்கு புரண்டது. சின்னத்தாயின் ஆத்தாள் அவள் கையை இன்னும் விடவில்லை.

"என் தம்பிங்கய்யா" என்றாள்.

தொடையில் ரத்தம் கட்டி வீங்கியிருந்தது. நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். பலகையில் அவள் செருப்பும் போனும் வைத்தது வைத்தபடி இருந்தன. பக்கத்திலேயே முனியராஜின் செருப்பு. ரோட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் போட்டுக்கொள்ளாமல் போயிருக்கிறான். அவ்வளவு கருவேலமுள்ளையும் வெறுங்காலால் மிதித்துக்கொண்டா ஓடினான்? ஜீப்புக்குள் அவன் கால்களைப் பார்த்தாள். ரத்தமும் புழுதியுமாகக் கிடந்தன, ஒரு பாதத்தில் முள் முறிந்து நீட்டிக்கொண்டிருந்தது.

அவன் செருப்பை எடுத்துக்கொண்டு ஜீப்பிடம் போனாள். போலீஸ்காரர் ஒதுங்கி வழி விட்டார். காலைப் பிடித்து, நகத்தால் நெருடி, அந்த முள்ளைப் பிடுங்கி எறிந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்து கிடந்தது.

"அக்கா..."

"பேசாத. ஒன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத" என்றாள். "முள்ளோட போகவேண்டாம்னுதான் வந்தேன். செருப்பப் போட்டுக்கோ."